கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயற்பியல் துறையில் 1983–86 ஆண்டுகளில் பயின்ற மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. சிற்சில திருத்தங்களுடன் பேசியபடியே தரப்படுகிறது.)



இந்த மேடைக்கு வந்த எல்லோரும் முதலில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஊதியும் பார்த்தார். நான் இரண்டும் செய்யவில்லை. மைக்செட்காரன் மைக்கைத் தட்ட மாட்டான். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு மேல் அவனுக்குத்தான் கவலை. உடைந்தால் செலவு அவன் தலையில்.

சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு மருத்துவர் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வங்கி அதிகாரி. இந்த ஆண்டு மைக்செட்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சங்கச் செயலாளர் போனில் அழைத்தபோது, "மைக் நம்மகிட்ட வாங்குறதுக்காகத்தான கூப்பிடுதீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை!

1986-ல் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, எங்கள் ஊர்ப்பக்கம் மைக்செட் வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே அவரிடம் வயர் சுற்றிப் பழக்கம். என் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "டிகிரி முடிச்சிட்டுக் குழாய் கட்டப் போறேங்கியே, ஒனக்கு எவம்ல பொண்ணு தருவான்?" என்று கேட்டார். நல்லவேளை, தந்தார்கள். கல்யாணத்துக்கு மைக்செட் வாடகை மிச்சம் என்று என் மாமனார் கணக்குப் போட்டிருக்கலாம்.

கோடைக்காலம் எங்கள் நெல்லைச் சீமையில் கொடைக்காலம். பங்குனி, சித்திரை வந்தால் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் கொடை, சாமி கோயில் கொடை. குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று வரிசையாக நடக்கும். வில்லிசை இருக்கும், நையாண்டி மேளம் இருக்கும், கடைசி இரவு இன்னிசைக் கச்சேரி இருக்கும். பள்ளிக்கூட மைதானம், அறுவடை முடிந்த வயல், ஆற்று மணல், கோயில் முன்னால் இருக்கிற பொட்டல் என்று எந்த இடமும் கச்சேரி மேடை ஆகிவிடும். சுவர் கிடையாது, கூரை கிடையாது. மேலே வானம், கீழே ஜனம். இந்த மாதிரி இடங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாணவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், தேர்வில் வராது.

திறந்த வெளியில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தூரம் இரட்டிக்க இரட்டிக்க, ஒலி 6 டெசிபல் குறையும். தலைகீழ் இருமடி விதி என்று இங்கேதான் படித்தோம். பெட்டிக்கு 1 மீட்டர் தள்ளி 120 டெசிபல் என்று வைத்துக் கொள்ளுங்கள். 2 மீட்டரில் 114. 4 மீட்டரில் 108. 8-ல் 102. 16-ல் 96. 32-ல் 90. 64 மீட்டரில் 84. முன் வரிசைக் குழந்தைக்குக் காது கிழிகிறது. பின்னால் கடலைக்காரர் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஏதோ கேட்கிறது, சொல் விளங்கவில்லை. சுற்றிலும் பேச்சு, சிரிப்பு, பீப்பி, ஜெனரேட்டர் இரைச்சல் எல்லாம் இருக்கிறதே!

உடனே விழாக் கமிட்டி என்ன சொல்லும்? "வால்யூமைக் கூட்டுய்யா!" இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. 1,000 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 2,000 வாட் வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது 10,000 வாட். அந்தச் சத்தமும் முதலில் போய் விழுவது முன் வரிசைக் காதில்தான். ஆகவே வால்யூம் என்பது கடைசி வரிசைக்கு மருந்து அல்ல.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு பாடியது. 55,000 பேருக்கு மேல் கூட்டம். ரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. உலகப் புகழ் பெற்ற குழுவுக்கே அந்தக் கதி என்றால், எங்கள் ஊர் இன்னிசைக் குழு எம்மாத்திரம்?

என் அண்ணாச்சி பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். டெசிபல் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் ஒரு மைதானத்துக்குப் போனால் மேடையைப் பார்க்க மாட்டார். நேராகக் கடைசிக்கு நடப்பார். எந்த இடத்தில் பெண்கள் பாய் விரிப்பார்கள், எந்த மரத்தடியில் கிழவர்கள் உட்காருவார்கள் என்று விசாரிப்பார். அங்கே நின்றுகொண்டு மேடையைத் திரும்பிப் பார்ப்பார். "தம்பி, சத்தம் பெருசா இருக்குன்னா எல்லாருக்கும் கேக்குன்னு அர்த்தமில்ல, பாத்துக்கோ. கடைசில நிக்கவனுக்கு வெளங்குச்சான்னு பாரு. அவனுக்கு வெளங்குனா எல்லாருக்கும் வெளங்கும்" என்பார். ஒலி அமைப்பு என்ற கலையில் நான் படித்த முதல் பாடம் இதுதான். பின்னால் படித்ததெல்லாம் இதற்கு உரை.

அவர் காலத்தில் எல்லாம் குழாய்தான். தென்னை மரத்தில், பனை மரத்தில், ஆலமரத்தில் கட்டுவோம். குழாயைக் கேலி செய்யாதீர்கள். 30, 40 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்புகிற திறமை அதற்கு உண்டு. கூம்பு வடிவம், சவ்வின் அசைவை வீணாக்காமல் காற்றுக்குக் கடத்தும். கிலோமீட்டர் கணக்கில் மெல்லிய வயர் இழுத்தும் சத்தம் குறையாததற்குக் காரணம், நூறு வோல்ட் லைன். மின்வாரியம் ஏன் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புகிறது என்று படித்தீர்களே, அதே தத்துவம்தான். மின்னோட்டம் குறைந்தால் வயரில் இழப்பு குறையும். குழாயின் குறை, அடித்தொண்டை ஒலியும் வராது, நுண்ணொலியும் வராது. அறிவிப்புக்குச் சரி. தபேலாவுக்கும் வயலினுக்கும் போதாது. ஆகவே கச்சேரிக்குப் பெட்டி வந்தது.

1991-ல் சொந்தமாக ஒரு செட் வாங்கினேன். 1994 என்று நினைவு, ஒரு கொடையில் வில்லிசை. மேடைப் பக்கம் இரண்டு பெட்டி. கடைசி வரிசைக்காக, அண்ணாச்சி பாடத்தை நினைத்துக்கொண்டு, மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு பெட்டி கட்டினேன். பெருமையாகப் பின்னால் போய் நின்றேன். வில்லிசையில் தலைவர் பாட, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார் அல்லவா? எனக்கு "ஆமா, ஆமா" என்று கேட்டது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை. ஒரு ஆச்சி என்னைப் பார்த்து, "ஏய்யா, ரெண்டு வில்லு வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். என் பி.எஸ்ஸி. பட்டத்தை அன்று அந்த ஆச்சி திருப்பி வாங்கிக்கொண்டாள்!

என்ன நடந்தது? வயரில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் போய்விடுகிறது. காற்றில் ஒலி மெதுவாக நடந்து வருகிறது. பூஜ்ஜியம் டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 28 டிகிரி இரவில் சுமார் 348 மீட்டர். ஆக 40 மீட்டர் கடக்க 115 மில்லி வினாடி. பின் பெட்டிச் சத்தம் முதலில் காதில் விழுகிறது, மேடைப் பெட்டிச் சத்தம் 115 மில்லி வினாடி கழித்து வந்து சேர்கிறது. பேச்சில் 50 மில்லி வினாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலே காதுக்கு அது எதிரொலி. அன்று இரவு பின் பெட்டிகளை அணைத்துவிட்டு, ஜனங்களை முன்னால் வந்து உட்காரச் சொல்லி ஒப்பேற்றினேன்.

அப்புறம்தான் புத்தகத்தைத் தேடினேன். இதே கல்லூரி நூலகத்துக்கு வந்து, பழைய மாணவன் என்று சொல்லி உட்கார்ந்து படித்தேன். அனுமதி தந்த நூலகரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி கண்ணில் பட்டது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், எது முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்துதான் ஒலி வருகிறது என்று காது நம்பும். பின்னால் வருவது கொஞ்சம் பலமாக இருந்தாலும் சரி, சுமார் 30 மில்லி வினாடிக்குள் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆக, பின் பெட்டிக்குப் போகிற ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும். 40 மீட்டருக்கு 115, அதோடு இன்னும் ஒரு 10, 15 மில்லி வினாடி சேர்த்து வைத்தால், மேடையிலிருந்து வரும் ஒலி முதலில் வந்து சேரும். பின் பெட்டி அதற்குக் கைகொடுக்கும். கடைசி வரிசைக்காரருக்குப் பாட்டு மேடையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும், ஆனால் பக்கத்தில் இருந்து கேட்கிற மாதிரி விளங்கும். 1998-ல் கடன் வாங்கி ஒரு டிஜிட்டல் டிலே வாங்கினேன். முன் பெட்டியின் சத்தத்தை 10 டெசிபல் குறைக்க முடிந்தது. முன்னால் இருப்பவருக்குக் காது வலியில்லை, பின்னால் இருப்பவருக்குக் குறையில்லை. "என்னய்யா, சத்தமே இல்லையே?" என்று கமிட்டிக்காரர் கேட்டார். பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "கேக்குய்யா!" என்றார்.

இப்போது பெட்டிகளை மாலை மாதிரி வளைவாகத் தொங்கவிடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். லைன் அரே என்று பெயர். பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டியன் ஹெய்ல் 1992-ல் கொண்டுவந்த வி-டாஸ்க் என்ற அமைப்போடு அது உலகமெங்கும் பரவத் தொடங்கியது. பல பெட்டிகள் ஒரே கோடு போல இணைந்து வேலை செய்வதால், குறிப்பிட்ட தூரம் வரை, முக்கியமாக உயர் அதிர்வெண்களில், தூரம் இரட்டித்தால் 6-க்குப் பதில் 3 டெசிபல்தான் குறையும். ஆனால் நாலு சாதாரணப் பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவிட்டு லைன் அரே என்று சொல்லி வாடகை வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் தொழில் பிசிக்ஸ் இல்லை, வேறு பாடம்.

அடுத்து, கோடையின் குணம். பிற்பகல் 4 மணிக்குச் சோதனை செய்வோம். தரை கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடு, மேல் காற்று அதைவிடக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் ஒலி அலை மேல்நோக்கி வளைந்து போய்விடும். பின் வரிசைக்குப் போய்ச் சேராது. "பத்தலையே" என்று கூட்டி வைப்போம். இரவில் நேர்மாறு. தரை குளிர்ந்துவிடும், மேலே சூடு தங்கும், ஒலி கீழ்நோக்கி வளையும். 4 மணிக்குப் பத்தாமல் இருந்தது, 10 மணிக்கு அடுத்த ஊர் வரை போகும். மாலையில் வைத்த அளவை இரவிலும் அப்படியே வைத்திருப்பவன் அடுத்த ஊர்க்காரன் தூக்கத்தைக் கெடுக்கிறான். கச்சேரி தொடங்கிய பிறகு நான் மிக்சர் பக்கம் உட்கார்ந்தே இருப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரைக்கும் ஒரு நடை போய் வருவேன்.

அடுத்த ஊர் மட்டுமா? உள்ளூரில் கேட்க விரும்பாதவர்களும் உண்டு. பங்குனிக் கொடையும் பிளஸ் டூ தேர்வும் ஒரே நேரத்தில் வரும். ஒரு தடவை, தெருவுக்குத் தெரு குழாய் கட்டச் சொல்லியிருந்தார்கள். மரத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினால் கீழே ஒரு பிள்ளை நிற்கிறாள். "அண்ணே, அந்தக் குழாயைக் கொஞ்சம் திருப்பி வைங்கண்ணே. நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்றாள். "என்னம்மா பரீட்சை?" என்றேன். "பிசிக்ஸ்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தானே அவள் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டினேன்! அந்த ஒரு குழாயின் வயரைக் கழற்றிவிட்டேன். கமிட்டிக்காரர் கேட்டபோது, "யூனிட் போயிட்டு அண்ணாச்சி" என்றேன். என் தொழிலில் நான் மனநிறைவோடு சொன்ன பொய் அது ஒன்றுதான்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். சட்டம் நம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று என் சக தொழிலாளர்கள் வருத்தப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெட்டியை ஜனத்தை நோக்கித் திருப்பு, வீட்டை நோக்கித் திருப்பாதே என்று அந்தப் பிள்ளை எனக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விஷயம். மாணவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

1987 கோடை. மாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மணல் ஈரம். எங்களோடு 15 வயசுப் பையன் ஒருவன் வேலை செய்தான். மைக் ஸ்டாண்டை நகர்த்தப் போனவன் கை ஒட்டிக்கொண்டது. சத்தம் கூட வரவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது. அண்ணாச்சி ஓடிப் போய் மெயின் கட்டையைப் பிடுங்கினார். பையன் விழுந்தான். பிழைத்துக்கொண்டான், கடவுள் புண்ணியம். உள்ளங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. காரணம் தேடினோம். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கரண்டில் எர்த் கிடையாது. ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கசிந்த மின்சாரம் மைக் வயர் வழியாக ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறது. செருப்பில்லாத கால், ஈர மணல். வேறு என்ன வேண்டும்?

அன்றிலிருந்து, மைதானத்துக்குப் போனதும் என் ஆட்கள் இழுக்கும் முதல் வயர் எர்த் வயர். விழா முடிந்து கழற்றும் கடைசி வயரும் அதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற கருவி இல்லாமல் மேடைக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. மூன்று பேஸ் லைன் என்றால் நியூட்ரலைக் கையால் அசைத்துப் பார்த்து முறுக்காமல் ஒரு பெட்டியையும் இணைப்பதில்லை. நியூட்ரல் விட்டுப் போனால் 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை போய்விடும். கருவி எரிந்தால் வாங்கலாம். ஆள்?

இன்னொன்று, காற்று. 2009 மே மாதம், ஒரு பள்ளி மைதானத்தில் கச்சேரி. பெட்டிகளைச் சாரத்தில் ஏற்றிக் கட்டி, அடியில் மணல் மூட்டை போட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்திருந்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில், அந்தச் சாரத்திலேயே பெரிய பிளெக்ஸ் பேனரைக் கட்டிவிட்டார்கள். 3 மீட்டருக்கு 4 மீட்டர். பாய்மரக் கப்பலுக்குப் பாய் கட்டின மாதிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றடித்தால் அந்த பேனர் மேல் சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விழும். காற்று இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. அவிழ்க்கச் சொன்னேன். "பேனர்ல இருக்கது யாருன்னு தெரியும்லா?" என்றார்கள். தெரியும், அதனால்தான் அவர் தலை கீழே விழ வேண்டாம் என்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இரவு 9 மணிக்கு மேற்கே மின்னல். காற்றில் மண் வாசனை. மூன்று பாட்டு முடிந்திருந்தது. சாரத்துக்குக் கீழே குழந்தைகள் படுத்திருந்தார்கள். நானே மைக்கைப் பிடித்து, சாரத்தைச் சுற்றி 10 மீட்டருக்கு யாரும் இருக்க வேண்டாம் என்று சொன்னேன். பாட்டை நிறுத்தினேன், பெட்டிகளை இறக்கச் சொன்னேன். கூட்டம் கத்தியது. கல் கூட ஒன்று வந்தது. கமிட்டிச் செயலாளர், "இன்னும் ரெண்டே பாட்டு, அதுக்குள்ள என்னய்யா ஆயிரும்?" என்றார்.

நீங்கள் எதிர்பார்ப்பது தெரியும். பத்து நிமிஷத்தில் புயல் வந்து சாரம் சாய்ந்தது, எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள் என்று சொல்வேன் என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காற்று கொஞ்சம் புழுதி கிளப்பிவிட்டு வடக்கே போய்விட்டது. ஒரு சொட்டு மழை இல்லை. அரை மணி கழித்து வானத்தில் நட்சத்திரம். எனக்கு வர வேண்டிய பாக்கி 12,000 ரூபாய் வரவில்லை. அடுத்த வருஷக் கொடைக்கும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் செய்தது சரியா, தப்பா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முடிவெடுத்த நேரத்தில் என் கையில் இருந்தது மின்னல், காற்று, பேனர், கீழே படுத்திருந்த பிள்ளைகள். அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளக்கக் கூடாது. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், பாலம் கட்டினாலும், மருந்து கொடுத்தாலும், இந்த நாள் ஒன்று உங்களுக்கும் வரும். விபத்து நடக்காமல் போனதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள். பாக்கியையும் தர மாட்டார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகக் காது. என் அண்ணாச்சிக்கு 50 வயசிலேயே காது மங்கத் தொடங்கிவிட்டது. முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற காது. எனக்கும் பரிசோதனை செய்தார்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். இரைச்சலால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம் என்றார் டாக்டர். போனது திரும்பாது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். கச்சேரி அரங்குகளில் 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அளவு சொல்லியிருக்கிறது. என் மிக்சர் பக்கத்தில் இப்போது ஒரு சத்தமானி இருக்கிறது. என் பையன்கள் காதில் அடைப்பான் இருக்கிறது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காது மங்கிய பிறகும் அண்ணாச்சி சில வருஷம் என்னோடு கொடைகளுக்கு வந்தார். எப்படி ஒலி வைப்பார் என்று கேட்பீர்கள். கடைசி வரிசைக்குப் போய், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஜனங்கள் முகத்தைப் பார்ப்பார். கழுத்தை நீட்டினால் கேட்கவில்லை. முகம் சுளித்தால் அதிகம். பக்கத்து ஆளிடம் "என்ன சொன்னான்?" என்று திரும்பினால் சொல் விளங்கவில்லை. அங்கிருந்து எனக்குக் கையைக் காட்டுவார், கூட்டு, குறை, போதும் என்று. என் கருவி காட்டிய அளவும் அவர் கை காட்டிய அளவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

நிறைவாக இரண்டு வேண்டுகோள். நம் கல்லூரித் திறந்தவெளி மேடைக்கு முறையான எர்த் குழியும், கசிவு மின் துண்டிப்பானும் என் செலவில் அமைத்துத் தர விரும்புகிறேன். முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். இரண்டாவது, இயற்பியல் மாணவர்கள் யாராவது கோடை விடுமுறையில் என்னோடு வர விரும்பினால் வரலாம். சாப்பாடும் சம்பளமும் உண்டு. வயர் சுற்றத் தெரிந்தால் போதும், மீதியை மைதானம் சொல்லிக் கொடுக்கும். அப்பாவிடம் மட்டும் நீங்களே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்.

பேசிக்கொண்டே கவனித்தேன். அதோ, பின்னால் வாசல் பக்கம் நிற்கும் இரண்டு பேர் இவ்வளவு நேரமும் கழுத்தை நீட்டவே இல்லை. அதனால் இந்த அரங்கின் ஒலி அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்கிறேன். அமைத்துக் கொடுத்த மைக்செட் தம்பிக்கு என் நன்றி.